ஆக்ஸாலிக் பவுடர்: சிட் அவுட் துருக்கறைக்கு 130 ரூபாய் மருந்து, நாலு ஸ்டார்

மொதல்லயே சொல்லிடறேன், இது எந்த பிராண்ட் பாட்டிலுக்கும் எழுதற ரிவ்யூ இல்ல. ஹார்ட்வேர் கடையிலயும் பெயிண்ட் கடையிலயும் வெள்ளையா சக்கரை மாதிரி கெடைக்குமே ஆக்ஸாலிக் ஆசிட் பவுடர், அதுக்குத்தான். அரைக் கிலோ 130 ரூபாய்க்கு வாங்கினேன், அதுலயும் பாதி இன்னும் மிச்சம் இருக்கு. இதுக்கு முன்னாடி அது இதுன்னு வாங்கி ஆயிரம் ரூபாய்க்கு மேல தரையில கொட்டியிருக்கேன், அதையும் சொல்றேன், நீங்களாவது கொட்டாம இருங்க.

எங்க வீடு மடிப்பாக்கம். தனி வீடு, சின்னதுதான், ஆனா பின்பக்கம் ஒரு ஓப்பன் சிட் அவுட் இருக்கு, 12க்கு 14 அடி. நடுவுல வெளிர் சாம்பல் கலர் பார்க்கிங் டைல்ஸ், சுத்தி ஓரத்துல ஒரு ரெண்டு அடிக்கு சாதா சிமெண்ட் தளம், கீழ எறங்க ரெண்டு படி, அது கடப்பா கல்லு. இந்த மூணு தரையையும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா ஒரே பவுடர் மூணுலயும் மூணு விதமா வேலை செஞ்சுது.

வெளிர் கலர் டைல்ஸ் போடணும்னு அடம் புடிச்சது நான்தான். எங்க அத்தை அப்பவே சொன்னாங்க, அழுக்கு தெரியுமேம்மா, செவப்பு போடலாமேன்னு. அவங்க ஊர் வீட்டுல திண்ணையில இருந்து கூடம் வரைக்கும் ரெட் ஆக்சைடு தரை, அறுபது வருஷமா துரு கறைன்னு ஒண்ணை அவங்க பாத்ததே இல்லையாம். எப்படிப் பாக்க முடியும், அந்தத் தரைக்குப் போடற கலரே இரும்பு ஆக்சைடு தானே, துருவோட அண்ணன் தம்பி. கறை விழுந்தாலும் தரையோட தரையா போயிடும்.

சரி, எங்க சிட் அவுட்டுக்கு வர்றேன். போன வருஷம் அக்டோபர் மழை முடிஞ்சப்போ பாத்தா நாலு விதமா துரு. ஊஞ்சல் ஸ்டாண்டோட நாலு காலுக்கு அடியில சதுர சதுரமா நாலு முத்திரை. பூந்தொட்டி வைக்கிற இரும்பு ஸ்டாண்டுக்குக் கீழ வட்ட வட்டமா. குழாய் ஹோஸ் தொங்குற மூலையில விசிறி மாதிரி பரவின ஒரு பழுப்பு. இது பத்தாதுன்னு ஒரு பக்கம் பூரா ஊசி குத்தின மாதிரி நூத்துக்கணக்குல ஆரஞ்சு புள்ளி, அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு, வந்தவங்க எல்லாம் டைல்ஸே மட்டம் போலன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அந்தப் புள்ளி எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபுடிக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. பின் கதவுக்கு கிரில் போட ஆள் வந்தாங்க, ஸ்கொயர் பைப்பை அங்கேயே டைல்ஸ் மேல வச்சு கட்டிங் வீல்ல அறுத்தாங்க, பொறி பறந்துச்சு, என் பையன் புஸ்வாணம் புஸ்வாணம்னு கை தட்டிட்டு நின்னான், நானும் டீ போட்டுக் குடுத்துட்டு வேடிக்கை பாத்தேன். அந்தப் பொறி ஒவ்வொண்ணும் சூடான இரும்புத் துகள். டைல்ஸ்ல பட்டதும் அப்படியே ஒட்டிக்கும், கண்ணுக்குத் தெரியாது, பெருக்கினாலும் வராது. மொத மழைக்கு எல்லாம் சேந்து பூத்துடும். அவங்க வேலையில குறை சொல்ல ஒண்ணுமில்ல, கிரில் நல்லாத்தான் இருக்கு, தரையில சாக்கு விரிச்சிருக்கலாம்னு எனக்கும் தோணல, அவங்களுக்கும் தோணல.

இதைத் தவிர நான் செஞ்ச கைங்கர்யம் ஒண்ணு உண்டு. கருவேப்பிலைச் செடி இலையெல்லாம் வெளுத்துப் போச்சுன்னு நர்சரியில கேட்டேன், கொஞ்சம் அன்னபேதி போடுங்கன்னாங்க. பச்சையா கல்கண்டு மாதிரி இருக்கும், பாக்க அழகாத்தான் இருக்கு. தொட்டியில போட்டதுல நாலு கல்லு கீழ சிந்திடுச்சு, தண்ணி ஊத்தினப்போ தொட்டி ஓட்டை வழியாவும் கொஞ்சம் ஒழுகிச்சு. மறுநாள் மஞ்சளா ஒரு கோடு, அதுக்கு அடுத்த நாள் நல்ல ஆரஞ்சு. அன்னபேதின்னா இரும்பு சல்பேட்னு அப்புறம்தான் உறைச்சுது. இரும்பை நானே காசு குடுத்து வாங்கிட்டு வந்து தரையில ஊத்தியிருக்கேன். அத்தை சொல்ற புளிச்ச மோரையே ஊத்தியிருக்கலாம்.

இப்ப நான் போட்ட வைத்தியம் எல்லாம் வரிசையா.

எலுமிச்சம்பழமும் உப்பும் எல்லாரும் சொல்றதுதானே. தொட்டி ஸ்டாண்ட் வட்டத்துல புதுசா இருந்த ரெண்டு மூணுக்கு நல்லாவே கேட்டுச்சு, பொய் சொல்லக்கூடாது. ஒரு வாரத்துக் கறைன்னா இதுவே போதும், அரை மணி நேரம் வச்சு தேச்சா போயிடும். ஆனா வருஷக்கணக்குல உக்காந்த ஊஞ்சல் கால் முத்திரைக்கு எட்டு பழம் புழிஞ்சும் அது அசரல, எறும்பு வந்ததுதான் மிச்சம். புளியும் போட்டுப் பாத்தேன், பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளிதானே போடறோம்னு ஒரு நம்பிக்கை. விளக்கு பளிச்சுனு வரும், தரையில புளியே ஒரு கறையா நின்னுச்சு.

அடுத்து பிளீச்சிங் பவுடர். இதை மட்டும் தயவு செஞ்சு துருவுக்குப் போடாதீங்க. பாசிக்கு, கருப்பு பூஞ்சைக்கு அது நல்ல மருந்து, துருவுக்கு அது எதிரி. துருங்கறது என்ன, இரும்பு காத்தோடயும் தண்ணியோடயும் சேந்து ஆக்சிஜன் ஏறிப் போனது. பிளீச்சிங் பவுடரும் ஆக்சிஜன் ஏத்தற வேலையைத்தான் செய்யும். அன்னபேதி கோட்டுல இன்னும் லேசா மஞ்சளா இருந்த எடம் ஒரே ராத்திரியில நல்ல காவி கலருக்கு வந்துடுச்சு.

அப்புறம் டாய்லெட் கழுவுற லிக்விட். பாட்டில்ல பாத்தா ஹைட்ரோகுளோரிக் ஆசிட்னு போட்டிருக்கும். டைல்ஸ்ல புள்ளி கொஞ்சம் மங்கிச்சு, சந்தோஷமா அதே கையோட சிமெண்ட் தளத்துலயும் ஊத்தினேன், சோடா பாட்டிலை ஒடச்ச மாதிரி நுரை பொங்குது, கழுவிப் பாத்தா சிமெண்ட் மேல்தோல் போய் மணல் தெரியுது. அது மட்டுமில்ல, துரு கரைஞ்சு மஞ்சத் தண்ணியா சிமெண்ட் உள்ள எறங்கி, உள்ளங்கை அளவு இருந்த கறை தாம்பாளத் தட்டு அளவுக்குப் பரவிடுச்சு. இன்னொரு விஷயம், இதைச் சொல்லாம விடக்கூடாது. மொத நாள் போட்ட பிளீச்சிங் பவுடர் ஓரத்துல கொஞ்சம் கழுவாம கெடந்துச்சு, அது மேலயும் இந்த லிக்விட் ஓடிப் போச்சு. குப்புனு ஒரு நெடி, கண்ணு எரியுது, தொண்டை அடைக்குது. எங்க வீட்டுக்காரர் உள்ளேர்ந்து ஓடி வந்து என்னை இழுத்துட்டுப் போயிட்டு அப்புறம் ஹோஸ்ல தண்ணிய தூரத்துல இருந்தே அடிச்சாரு. அது குளோரின் கேஸ். ஓப்பனான எடமா இருந்ததால பொழச்சேன், மூடின பாத்ரூமா இருந்தா நெனச்சே பாக்க முடியல. பிளீச்சிங்கும் எந்த ஆசிடும், எலுமிச்சம்பழம் உட்பட, ஒரே தரையில ஒண்ணு மேல ஒண்ணு படவே கூடாது, மறுநாளா இருந்தாலும்.

இதுக்கப்புறம் ஆன்லைன்ல 640 ரூபாய்க்கு ஒரு ஸ்ப்ரே. கார் வீல்ல ஒட்டற இரும்புத் துகளுக்கு அடிக்கறது அது. அடிச்சதும் தண்ணி மாதிரி இருக்கும், இரும்பு எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஊதா கலராகி வழியும், பாக்கவே ஜோரா இருக்கும், என் பையன் மறுபடியும் கை தட்டினான். நாத்தம் மட்டும் அழுகின முட்டை, பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பாத்துட்டு என்ன கேஸ் லீக்கான்னு கேட்டாங்க. நேர்மையா சொன்னா அந்தப் புள்ளிக்கு இது சூப்பர், ஒரு தடவை அடிச்சு நைலான் பிரஷ் போட்டு தேச்சதுமே முக்கால்வாசி போச்சு. ஆனா பாட்டில் அத்தோட காலி, மூணு அடிக்கு மூணு அடி இடம்தான் ஆயிருக்கு. மொத்த சிட் அவுட்டுக்கும் இதையே வாங்கினா டைல்ஸையே மாத்திடலாம்.

பவுடர் பத்தி சொன்னது எதிர் வீட்டுல மொசைக் பாலிஷ் போட வந்த அண்ணன். எதிர் வீடு பழைய வீடு, மொசைக் தரை, மெஷின் ஓட்டிட்டு இருந்தாரு. தண்ணி கேட்டு வந்தவர் என் தரையைப் பாத்துட்டு, "இதுக்கு ஏம்மா இவ்ளோ கஷ்டப்படறீங்க, ஆக்ஸாலிக் வாங்கி ஊற வைங்க, போயிடும்"னு ரொம்ப சாதாரணமா சொல்லிட்டுப் போனாரு. மொசைக், மார்பிள் எல்லாத்துக்கும் கடைசி பாலிஷுக்கு இவங்க இந்தப் பவுடரைத்தான் தூவி மெஷின் ஓட்டுவாங்களாம். எங்க வீட்டுலேர்ந்து நாலு தெரு தள்ளி இருக்கற கடையிலயே அது இருந்துச்சு. ஆறு மாசமா அந்தக் கடையைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போயிட்டு வந்துட்டு இருக்கேன்.

இந்த ஆசிடுக்கு இரும்புன்னா தனிப் பாசம். துருவைப் புடிச்சு தன்னோட சேத்துக்கிட்டு தண்ணியில கரையற பொருளா மாத்திடும், அதனால சுரண்டி எடுக்க வேண்டியதில்ல, கழுவினாலே கூட வந்துடும். பசலைக்கீரையில, புளியாரைக் கீரையில இருக்கறதும் இதே ஆக்ஸாலிக் ஆசிட்தான், கிட்னி கல்லு இருக்கறவங்களை பசலைக்கீரை அதிகம் வேணாம்னு சொல்றது இதனாலதான். கீரையில இருக்குன்னு லேசா நெனச்சுடாதீங்க, பவுடரா இருக்கறது சுத்தமான விஷம், உள்ள போனா கிட்னியை அடிக்கும், தோல்ல பட்டா புண்ணாக்கும், தூசி மூக்குல ஏறினா எரியும்.

நான் செஞ்சது இதுதான். சாயங்காலம் வெயில் எறங்கினதும் ஆரம்பிச்சேன், ஏன்னா வெயில்ல பத்து நிமிஷத்துல காஞ்சுடும், காஞ்சுட்டா வேலை நின்னுடும், கரைஞ்ச துரு திரும்ப அங்கேயே உக்காந்துக்கும். பிளாஸ்டிக் பக்கெட்ல ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 100 கிராம் பவுடர், அதாவது தண்ணிய மொதல்ல ஊத்திட்டு பவுடரை மெதுவா அதுல போடணும், தூசி பறக்கக் கூடாது. கைக்கு ரப்பர் கிளவுஸ், கண்ணுக்கு எங்க வீட்டுக்காரரோட பைக் கண்ணாடி, மூக்குக்கு கொரோனா காலத்து மாஸ்க் இன்னும் ஒரு டப்பா இருக்கு, அது. அலுமினியப் பாத்திரம், இரும்பு பக்கெட் எதுவும் வேணாம். தரையை மொதல்ல சாதா தண்ணியில நனைச்சு விடணும், முக்கியமா சிமெண்ட்டை, இல்லன்னா ஆசிடை அது அப்படியே உறிஞ்சிடும்.

டைல்ஸ்ல சும்மா ஊத்தி இருபது நிமிஷம் விட்டேன், நடுவுல ரெண்டு தடவை மேல கொஞ்சம் தெளிச்சு ஈரமா வச்சேன், நைலான் பிரஷ்ல தேச்சேன். ஊஞ்சல் கால் முத்திரை மூணு, கண்ணு முன்னாடி லேசா பச்சை கலந்த மஞ்சத் தண்ணியா மாறி ஓடுது. நான் அங்கேயே உக்காந்து ஒரு நிமிஷம் சும்மா பாத்துட்டு இருந்தேன், ஆறு மாச கோவம் அது. நாலாவது முத்திரைக்கு மட்டும் மறுநாள் ஒரு தடவை போட வேண்டி வந்துச்சு. புள்ளிகள்ல பெருசு எல்லாம் போச்சு, டைல்ஸ் உள்ள புதைஞ்ச சிலது மட்டும் பழுப்பா நிக்குது. டைல்ஸ் நடுவுல இருக்கற கிரவுட் கோடு முழுசா வெளுக்கல, அதை எதிர்பாக்கவும் வேணாம்.

சிமெண்ட் தளத்துக்கு சும்மா ஊத்தினா பத்தாது, உள்ள எறங்கின கறையை வெளிய இழுக்கணும். பழைய வேட்டித் துணியை நாலா மடிச்சு இந்தத் தண்ணியில முக்கி கறை மேல போட்டு, அது மேல பிளாஸ்டிக் கவர் விரிச்சு நாலு பக்கமும் கல்லு வச்சு ரெண்டு மணி நேரம் விட்டேன். துணியை எடுத்தா துணி மஞ்சளா இருக்கு, தரை வெளுத்திருக்கு. மூணு நாள் மூணு தடவை போட்டதுல, அந்த தாம்பாளத் தட்டு கறை இப்ப கண்ணை சுருக்கிப் பாத்தாத்தான் தெரியும். குறை என்னன்னா சிமெண்ட்ல இருக்கற சுண்ணாம்போட இந்த ஆசிட் சேந்து மேல வெள்ளையா ஒரு பூச்சு மாதிரி படியும், தேங்காநார் போட்டு ரெண்டு மூணு கழுவு கழுவினா குறையும். கறை போட்ட எடம் மட்டும் புதுசா பளிச்சுனு இருக்கும், சுத்தி பழசா இருக்கும், துருக்கறைக்குப் பதிலா சுத்தக்கறை. கடைசியில மொத்த சிமெண்ட் ஓரத்தையும் தேச்சு ஒரே மாதிரி ஆக்கிட்டேன், முதுகு ரெண்டு நாள் எந்திரிக்கல.

கடப்பா படிதான் என் தோல்வி. டைல்ஸ்ல ஜெயிச்ச தெம்புல படியில இருந்த ஒரே ஒரு வட்டத்துக்கும் ஊத்தினேன். கடப்பா கல்லு சுண்ணாம்புக் கல் வகை, எந்த ஆசிட் பட்டாலும் பாலிஷ் போயிடும். துரு போச்சு, கூடவே பளபளப்பும் போச்சு, கருப்புக் கல்லுல சாம்பல் கலர்ல ஒரு திட்டு. எதிர் வீட்டு அண்ணன்கிட்ட ஓடினேன், நீங்கதானே மார்பிளுக்கே போடறோம்னு சொன்னீங்கன்னு. அவர் சிரிச்சுட்டு, "அது மெஷின் வச்சு தேய்க்கறப்போ வர்ற ஷைனிங்மா, சும்மா ஊத்தி விட்டா தின்னுடும்"னாரு. இதை அவர் மொதல்லயே சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். மார்பிள், கோட்டா கல்லு, ஆத்தங்குடி டைல்ஸ் வச்சிருக்கறவங்க இந்த ரிவ்யூவைப் படிச்சுட்டு என்னை மாதிரி ஊத்திடாதீங்க, பாலிஷ் ஆளைக் கூப்பிடுங்க, அட்லீஸ்ட் யாரும் பாக்காத மூலையில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க.

கழுவின தண்ணி எங்க போகுதுன்னும் பாக்கணும். எங்க சிட் அவுட் வாட்டம் நேரா மழைநீர் சேகரிப்பு குழிக்குப் போகுது, 2003ல கட்டாயமாக்கினப்போ மாமனார் தோண்டினது. அதுல இந்த விஷத்தை எறக்க மனசு வரல. குழி வாய்ல சாக்கை அடைச்சுட்டு, வைப்பர்ல தள்ளி முறத்துல அள்ளி பக்கெட்ல எடுத்து, ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமா பொங்கறது நிக்கற வரைக்கும் போட்டு, டாய்லெட்ல ஊத்தி நெறைய தண்ணி விட்டேன். தரைக்கும் கடைசியா ஆப்ப சோடா தண்ணி ஒரு கை. செடிப்பக்கம் ஒரு சொட்டு போக விடல, பையனை மாமி வீட்டுக்கு அனுப்பிட்டேன், தெரு நாய் ஒண்ணு பின் கேட் வழியா வந்து தண்ணி குடிக்கும், அதுக்கும் அன்னைக்கு கேட் சாத்து.

ஸ்டார் ஏன் ஒண்ணு கம்மின்னா, கடப்பாவுக்காக இல்ல, அது என் தப்பு. பவுடர் விக்கற விதத்துக்காக. நான் வாங்கின கடையில மூட்டையில இருந்து வெறுங்கையால அள்ளி, மளிகை சாமான் கட்டற மாதிரி ஒரு வெள்ளை பாலித்தீன் கவர்ல போட்டு, ரப்பர் பேண்ட் சுத்திக் குடுத்தாங்க. பேர் இல்ல, விஷம்னு ஒரு வார்த்தை இல்ல. வீட்டுக்கு வந்து மேடையில வச்சுட்டு கை கழுவப் போயிட்டேன், திரும்பி வந்தா அத்தை அதைக் கையில எடுத்துட்டு, "சக்கரையா வாங்கிட்டு வந்தே? டப்பாவுல கொட்டிடவா?"ன்னு கேக்கறாங்க. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. அன்னைக்கே அதை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுல போட்டு, செவப்பு மார்க்கர்ல விஷம்னு நாலு பக்கமும் எழுதி, பரண் மேல வச்சாச்சு. சீல் போட்ட, லேபிள் ஒட்டின பாக்கெட்டும் கெடைக்குது, இருபது முப்பது ரூபாய் அதிகம், அதையே வாங்குங்க.

சரி, கறை போச்சு. ஆனா ஊஞ்சலை அதே எடத்துல திரும்பப் போட்டா ஒரு மழைக்கு திரும்ப வரும். எனக்கு வந்துச்சு. பத்தே நாள்ல. அதனாலதான் இந்தப் பகுதியை கொஞ்சம் நீட்டி சொல்றேன், பவுடர் வாங்கறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சிருந்தா எனக்கு ரெண்டாவது ரவுண்டு மிச்சமாயிருக்கும்.

ஊஞ்சல் காலைத் தலைகீழா திருப்பிப் பாத்தா ரகசியம் தெரிஞ்சுது. வெளிய பெயிண்ட் நல்லா இருக்கு, ஆனா பைப் அடி வாய் திறந்திருக்கு, உள்ள ஒரு கோட் பெயிண்ட் கூட இல்ல, தேங்கற தண்ணி அது வழியா உள்ள ஏறி உள்ளேர்ந்து துரு கரைஞ்சு வருது. உப்புத்தாள் போட்டு தேச்சு, வாய்க்குள்ள எட்டற வரைக்கும் பிரஷை விட்டு ரெட் ஆக்சைடு பிரைமர் ரெண்டு கோட், அது மேல எனாமல் ரெண்டு கோட். அப்புறம் காலுக்கு அடியில மாட்டற புஷ். மொதல்ல கருப்பு ரப்பர் புஷ் போட்டேன், அது டைல்ஸ்ல கருப்பா தடம் விட்டுச்சு, துரு போய் ரப்பர் கறை வந்தா என்ன லாபம், மாத்தி வெள்ளை நைலான் புஷ் போட்டேன், ஒண்ணு பத்து ரூபாய். ஆறு மாசம் ஆச்சு, ஒரு மழைக்காலம் தாண்டிடுச்சு, கால் அடியில சுத்தமா இருக்கு.

தேய்க்கறப்போ ஒண்ணு கவனிங்க, பாத்திரம் தேய்க்கற இரும்பு நாரு, கம்பி பிரஷ் ரெண்டையும் தரையில போடாதீங்க. அது உடைஞ்சு உதிர்ற துண்டு ஒவ்வொண்ணும் நாளைக்கு ஒரு புள்ளி. இரும்பு சாமானைத் தேய்க்கணும்னாலும் சாக்கு விரிச்சுட்டு தேச்சு சாக்கை வெளிய கொண்டு போய் உதறுங்க. போன மாசம் ஜன்னலுக்கு வெல்டிங் ஆள் வந்தப்போ பைப் அறுக்கறதை தெருவுல வச்சுக்கச் சொல்லிட்டேன், உள்ள டிரில் பண்ண எடத்துல தார்ப்பாய் போட்டேன், வேலை முடிஞ்சதும் ஒடஞ்ச ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி தரை பூரா இழுத்தேன். கவர் மேல மீசை முளைச்ச மாதிரி இரும்புத் தூள். கவரை உள்பக்கமா திருப்பி சுருட்டித் தூக்கிப் போட்டாச்சு. எங்க வீட்டுக்காரர் இதைப் பாத்துட்டு உனக்கு முத்திப் போச்சுன்னாரு.

ஹோஸ் மூலையில இருந்த விசிறிக் கறை வேற ஜாதி. அது எந்த இரும்பு சாமானும் இல்லாம வந்தது, போர் தண்ணியிலயே இருக்கற இரும்பு. மோட்டார் போட்டதும் பக்கெட்ல புடிச்சா கண்ணாடி மாதிரி தெளிவாத்தான் இருக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தா மேல எண்ணெய் ஏடு மாதிரி மினுக்கும், அடியில பழுப்பு. பூமிக்குள்ள காத்து இல்லாம கரைஞ்சு கெடந்த இரும்பு வெளிய வந்து காத்து பட்டதும் துருவா மாறுது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலயும் குழாயிலயும் கறை புடிக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, நாங்க டெஸ்ட் குடுத்ததுல எங்களுது 1.6. வெள்ளை சட்டை ஏன் எப்பவும் மோர் கலர்ல இருக்குன்னு அன்னைக்கு புரிஞ்சுது. ஃபில்டர் விலை கேட்டா இருபதாயிரத்துக்கு மேல சொன்னாங்க, இப்போதைக்கு வேணாம்னு சம்ப்ல, அதான் தரைக்கடித் தொட்டியில, தண்ணி விழற எடத்துல ஒரு பிவிசி பைப்ல ஓட்டை போட்டு ஷவர் மாதிரி விழ வச்சோம். நல்லா காத்து பட்டு விழும்போதே துரு பிரிஞ்சு அடியில தங்கிடுது, மேல் தண்ணிய மட்டும் டேங்குக்கு ஏத்தறோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சம்ப் கழுவறப்போ அடியில செம்மண் குழம்பு மாதிரி எடுக்கறோம், அவ்வளவும் முன்னாடி தரைக்கும் துணிக்கும் போனது. கறை நிக்கலன்னு சொல்ல மாட்டேன், வர்ற வேகம் நல்லா கொறைஞ்சிருக்கு. சிட் அவுட்டைக் கழுவிட்டு தண்ணி தேங்க விடாம வைப்பர் போட்டுத் தள்ளிடறேன், அதுவே பாதி வேலை.

சீலர்னு ஒண்ணு பெயிண்ட் கடையில ரொம்ப வற்புறுத்தி வித்தாங்க, சிமெண்ட் ஓரத்துக்கு மட்டும் ஒரு கோட் அடிச்சேன். தண்ணி இலையில நிக்கற மாதிரி முத்து முத்தா நிக்குது, புதுக் கறை விழுந்தா உள்ள எறங்காம மேலயே நிக்கறதால எலுமிச்சம்பழத்துக்கே கேக்குது. நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய கறையை முழுசா எடுத்துட்டு அடிங்க, இல்லன்னா உள்ள இருக்கறதை பூட்டு போட்டு வச்ச மாதிரி ஆயிடும். டைல்ஸுக்கு இது தேவையே இல்ல.

தொட்டி ஸ்டாண்ட் இரும்பை எடைக்குப் போட்டுட்டேன், இப்ப எல்லாத் தொட்டியும் ஒடஞ்ச டைல்ஸ் துண்டு மேல நிக்குது. அன்னபேதி மிச்சத்தை நர்சரி பக்கத்துல ஒருத்தருக்குக் குடுத்துட்டேன், போடறதா இருந்தா தொட்டியை மண் தரைக்குத் தூக்கிட்டுப் போய் போடுங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். கருவேப்பிலைக்கு இப்ப புளிச்ச மோர், துளிர் விட்டிருக்கு, அத்தை தினமும் என்னைக் கூப்பிட்டுக் காட்டறாங்க. கடப்பா படியில இருக்கற சாம்பல் திட்டு மேல ஒரு துளசித் தொட்டியை வச்சு மறைச்சிருக்கேன். படியில யாராவது துளசி வைப்பாங்களான்னு மாமி கேட்டாங்க, வாஸ்துன்னு சொல்லிட்டேன்.